கண்ணாடிக் கோபுரமும் மின்சார மீட்டரும்

வெயிலில் நிறுத்தி வைத்திருந்த மோட்டார் காரின் கதவைத் திறந்து உள்ளே அமரப் போனவர், சட்டென்று பின்வாங்கி வெளியே நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியிலும் வெயில்தான், ஆனால் காரினுள்ளே இருப்பது அடுப்பின் அனல். அங்கே எவரும் தீ மூட்டவில்லை. சூரியனின் ஒளி கண்ணாடி வழியே உள்ளே நுழைந்தது. நுழைந்தது திரும்பிச் செல்ல வழியின்றி அங்கேயே தங்கிவிட்டது. நடந்தது அவ்வளவே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் கட்டடமும் ஒருவகையில் அந்தக் காரைப் போன்றதுதான். 55 மாடி உயரமுள்ள கார். அதனுள் ஆயிரக்கணக்கானோர் நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்யவேண்டும். வியர்க்காமலும் நடுங்காமலும் வேலை செய்யவேண்டும். இது போதாதென்று, அந்தக் கட்டடம் பூமிக்குத் தீங்கு செய்யாதது என்று நற்சான்றும் பெறவேண்டும். பெற்றது. பெற்ற பிறகு நடந்ததுதான் நம் கதை.

நியூயார்க் நகரத்தில், மன்ஹாட்டன் தீவின் நடுப்பகுதியில், பொது நூலகத்தின் பின்புறமாகப் பிரையன்ட் பூங்கா என்று ஒரு பூங்கா இருக்கிறது. அதன் வடமேற்கு மூலைக்கு எதிரே, 42-ஆம் தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், பாங்க் ஆஃப் அமெரிக்கா கோபுரம் நிற்கிறது. 2004-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 2009-இல் முடித்தார்கள். உச்சியிலுள்ள கூர்முனையையும் சேர்த்தால் 1,200 அடி உயரம். உள்ளே ஏறக்குறைய 21 லட்சம் சதுர அடி இடம். வெளிப்புறம் முழுவதும் கண்ணாடி. தரையிலிருந்து கூரைத்தளம் வரை இடைவிடாத கண்ணாடி. பக்கங்களைச் சாய்வாக வெட்டி, பட்டை தீட்டிய படிகக் கல்லைப் போல அதற்கு உருக் கொடுத்திருக்கிறார்கள். குக் அன்ட் ஃபாக்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனத்தார் அதை வகுத்தார்கள். டர்ஸ்ட் என்ற கட்டட நிறுவனத்தாரும் வங்கியாரும் சேர்ந்து கட்டினார்கள்.

முதலில் கண்ணாடியைப் பற்றிச் சற்றுப் பார்ப்போம். சூரியனிடமிருந்து வருகிற சக்தியில் ஏறக்குறைய பாதி நம் கண்ணுக்குப் புலனாகிற ஒளி. மற்றதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இவை இரண்டும் சாதாரணக் கண்ணாடியைச் சுலபமாகக் கடந்து உள்ளே வந்துவிடுகின்றன. உள்ளே மேஜை, நாற்காலி, தரை, மனிதர் ஆகிய எல்லாவற்றின்மீதும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடான பொருள்களும் கதிர் வீசுகின்றன. ஆனால் அவை சூரியனைப் போல ஆயிரக்கணக்கான டிகிரி உஷ்ணம் உள்ளவை அல்ல. ஆகவே அவை வீசும் கதிரின் அலைநீளம் மிகவும் அதிகம். அந்த நீண்ட அலைகளைக் கண்ணாடி தன் ஊடே போக விடுவதில்லை. வரும்போது திறந்திருக்கும் கதவு, போகும்போது சாத்திக்கொள்கிறது.

இது வெயில் காலத்துத் தொல்லை. குளிர் காலத்தில் நேர்மாறான தொல்லை. நியூயார்க்கில் ஜனவரி மாதத்தில் பனி பெய்யும்; அப்போது அறையின் வெப்பம் கண்ணாடியின் மூலம் வெளியே கசிந்து ஓடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எவ்வளவு வெப்பம் ஓடும் என்று பொறியியலார் கணக்கிடுவார்கள். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் ஏறக்குறைய 6 வாட். இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டுப் பொருத்தினால் 3 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. வெப்பத்தைத் தடுக்கும் பொருளை உள்ளே வைத்துக் கட்டிய நல்ல சுவராக இருந்தாலோ அரை வாட்டுக்கும் குறைவு. ஆகவே சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியை வைக்கிறவர், கோடையில் அடுப்பையும் குளிரில் ஓட்டைப் பானையையும் விலைகொடுத்து வாங்குகிறார்.

பின் ஏன் வாங்கினார்கள்? வாங்க முடிந்ததால் வாங்கினார்கள் என்பதே என் எண்ணம். 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியியலார், அதே நியூயார்க்கில், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரத்தை அடக்கும் யந்திரம் ஒன்றை வகுத்தார். வண்ணப் படங்களை அச்சிடும்போது காகிதம் ஈரத்தில் விரிந்து, ஒரு வண்ணத்தின்மேல் மற்றொன்று சரியாகப் படியாமல் போயிற்று. அந்தச் சங்கடத்தைத் தீர்க்கவே அவர் முயன்றார். காகிதத்துக்காகப் பிறந்த யந்திரம் பின்னர் மனிதரைக் குளிர்விக்க வந்தது. அது வந்த பிறகு ஜன்னலைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமற் போய்விட்டது. 1952-இல் பார்க் அவென்யூவில் லீவர் ஹவுஸ் என்ற கட்டடம் எழுந்தது. அதன் கண்ணாடிகள் திறக்க முடியாதவை. சட்டத்தில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டவை. உரிமையாளர் சோப்புக் கம்பெனியார். கூரையிலிருந்து தொங்கும் ஒரு தொட்டிலில் ஆட்கள் இறங்கி அந்தக் கண்ணாடிகளைக் கழுவுவதைத் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். சோப்புக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு என்ன வேண்டும்! 1958-இல், அதற்கு எதிர்ப்புறத்திலேயே, மீஸ் வான் டெர் ரோ என்ற மேதை வகுத்த சீக்ரம் கட்டடம் வெண்கலச் சட்டங்களோடும் தேன் நிறக் கண்ணாடியோடும் எழுந்தது. அழகில் அதற்கு ஈடு சொல்வது கடினம். உலகெங்கும் அலுவலகக் கட்டடம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது அந்த ஆண்டுகளில்தான். எண்ணெயும் நிலக்கரியும் மலிவாகக் கிடைத்த காலம் அது. குளிர்சாதன யந்திரம் எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது என்று கேட்பாரில்லை.

கேட்பவர்கள் பின்னால் வந்தார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. பிறகு பூமியின் காற்று மண்டலமே வெப்பமடைகிறது என்ற செய்தி வந்தது. 1993-இல் அமெரிக்காவில் பசுமைக் கட்டட மன்றம் என்ற ஒரு சங்கம் தோன்றியது. சில ஆண்டுகளில் அது ‘லீட்’ என்ற ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தது. பள்ளிக்கூடப் பரீட்சையைப் போன்ற முறை அது. தண்ணீரைச் சேமித்தால் இத்தனை மதிப்பெண், நல்ல காற்றுக்கு இத்தனை, பழைய பொருள்களை மீண்டும் பயன்படுத்தினால் இத்தனை, ரயில் நிலையத்துக்கு அருகில் கட்டினால் இத்தனை, சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் அதற்கும் ஒன்று என்று வரிசை நீளும். கூட்டுத்தொகையைப் பொறுத்து வெறும் தேர்ச்சி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு வகுப்புகள். 2010-ஆம் ஆண்டில் நம் பிரையன்ட் பூங்காக் கோபுரம் பிளாட்டினம் பெற்றது. வானளாவிய அலுவலகக் கட்டடங்களில் அந்த உச்ச வகுப்பில் தேறிய முதல் கட்டடம் அதுதான்.

தேறியது வெறும் வாய்ஜாலத்தால் அன்று. அதன் அமைப்பில் எத்தனையோ நல்ல காரியங்கள் இருக்கின்றன. சிலவற்றை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும்.

கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது காரின் கண்ணாடி போன்ற வெறும் கண்ணாடி அன்று, இரட்டைக் கண்ணாடி. இத்தகைய கண்ணாடிகளின் உட்புறத்தில் வெள்ளி போன்ற உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் பூசுவார்கள். எவ்வளவு மெல்லியது என்றால், அப்படிப்பட்ட படலங்களில் ஒரு லட்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் தடிப்பு ஏறும். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதன் ஊடே வந்துவிடும். வெப்பக் கதிரில் பெரும்பகுதியை அது முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஆர்கான் வாயுவையும் நிரப்பினால், முன்னே சொன்ன 6 வாட் ஒன்றரை வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய சாதனைதான். ஆனாலும் நல்ல சுவரின் அரை வாட்டுக்கு அது இன்னும் மூன்று மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தக் கோபுரத்தில் ஒவ்வொரு கண்ணாடியின் அடிப்பகுதியிலும் மேற்பகுதியிலும் வெள்ளைப் பீங்கான் புள்ளிகளை நெருக்கமாகச் சுட்டுப் பதித்திருக்கிறார்கள். நடுவில் வரவரப் புள்ளிகள் குறைந்து, பார்வை மட்டத்தில் தெளிவான கண்ணாடியாகிவிடுகிறது. இது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. மேஜைக்குக் கீழே உள்ள கண்ணாடியின் வழியே வருகிற வெளிச்சம் நாற்காலியின் கால்களுக்குத்தான் பயன்படும். அங்கே சுவரையே எழுப்பியிருக்கலாம். முதலில் அங்கும் கண்ணாடியை வைத்து, பிறகு அந்தக் கண்ணாடியைப் புள்ளிகளால் மறைப்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரை போடுவதைப் போன்றது அல்லவா? வாடகைக்கு வருகிறவர் தரையிலிருந்து கூரைத்தளம் வரை கண்ணாடி கேட்கிறார். கேட்டதைக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

அடித்தளத்துக்குப் போனால் அங்கே 44 பெரிய தொட்டிகள் இருக்கின்றன. இரவில், ஊர் உறங்கும் வேளையில், மின்சாரத்தின் தேவையும் விலையும் குறைந்திருக்கும்போது, யந்திரங்கள் அத்தொட்டிகளில் பனிக்கட்டியை உண்டாக்குகின்றன. மறுநாள் பகலில் அந்தப் பனிக்கட்டி உருகி அலுவலகத்தைக் குளிர்விக்கிறது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பௌதிகப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த வெப்பத்தைக் கொண்டு, உருகி வந்த அதே தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை காய்ச்சிவிடலாம். அத்தனை வெப்பத்தையும் அறையின் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு அது உருகுகிறது. பகலில் நகரம் முழுவதும் குளிர்சாதனங்களைத் திருப்பிவிட்டு மின்நிலையங்கள் திணறும் நேரத்தில், இக்கோபுரம் நேற்றைய இரவின் குளிரைச் செலவிடுகிறது. சேமிக்கப்படுவது மின்சாரம் என்று சொல்வதைவிட, நெருக்கடியான வேளை என்று சொல்வது பொருந்தும்.

மற்றொன்று, கட்டடத்துக்குள்ளேயே உள்ள மின்நிலையம். இயற்கை வாயுவை எரித்து நான்கரை மெகாவாட்டுக்கும் சற்று மேற்பட்ட மின்சாரத்தை அது உண்டாக்கும்படி அமைத்தார்கள். தொலைவிலுள்ள பழைய மின்நிலையத்தில் எரிக்கும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பமாகப் புகைபோக்கியிலும் ஆற்றுத் தண்ணீரிலும் வீணாகிறது. வீட்டிலேயே எரித்தால், அந்த வீணாகும் வெப்பத்தைக் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும், கோடையில் ஒருவகை யந்திரத்தின் மூலம் குளிர்விக்கவுமே பயன்படுத்திக்கொள்ளலாம். சமையல் முடிந்த பின் அடுப்பில் மிஞ்சியிருக்கும் தணலில் வெந்நீர் போட்டுக்கொள்வது நம் பாட்டிமார் அறிந்த சிக்கனம். அதைத்தான் இங்கே மெகாவாட் கணக்கில் செய்கிறார்கள்.

இன்னும் உண்டு. கான்கிரீட்டில் சிமெண்டின் 45 சதவீதத்தைக் குறைத்து, உருக்காலைக் கசடைப் பொடியாக்கிச் சேர்த்தார்கள். சிமெண்டைச் சுடும்போது எழும் கரியமில வாயு அந்த அளவுக்கு மிச்சம். மழைநீரைப் பிடித்து வைக்கிறார்கள். வெளிக்காற்றிலுள்ள தூசி துகள்களில் 95 சதவீதத்தை வடிகட்டி, தரைக்கு அடியிலிருந்து மெதுவாக மேலெழும்படி விடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் காலடியிலுள்ள துளையைத் திருப்பி வேண்டிய அளவு காற்றைப் பெறலாம். நகரத்துக் காற்றைவிடத் தூய்மையான காற்று உள்ளே இருந்து வெளியேறுகிறது. இவ்வளவையும் ஒரே கட்டடத்தில் சேர்த்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இனி மீட்டரைப் பார்ப்போம்.

2009-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகர மன்றம் ஒரு சட்டம் செய்தது. 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடமும் தான் ஆண்டுதோறும் செலவிடும் சக்தியையும் தண்ணீரையும் கணக்கிட்டு நகரத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தக் கணக்கு ஊரறிய வெளியிடப்படும். அவ்வளவுதான் சட்டம். குறைக்கும்படி அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் 2012-இல் கணக்குகள் வெளிவரத் தொடங்கியதும் பலருடைய முகம் மாறியது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் இலாகா, ஒரே வகையான கட்டடங்களை ஒப்பிட்டு ஒன்றிலிருந்து நூறு வரை மதிப்பெண் தரும் முறை ஒன்றை நடத்தி வந்தது. 75 வாங்கினால் சிறந்த கட்டடம் என்று பொருள். அதன்படி, 1931-இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 80. அதைவிடச் சற்றுப் பழைய கிரைஸ்லர் கட்டடத்துக்கு 84. கண்ணாடி யுகத்தைத் தொடங்கி வைத்த லீவர் ஹவுஸுக்கு 20. உலகம் வியந்த சீக்ரம் கட்டடத்துக்கு 3. முந்நூறுக்கு மூன்று என்று எண்ணிவிடாதீர்கள், நூற்றுக்குத்தான் மூன்று. தங்க வகுப்பில் தேறி 2006-இல் திறக்கப்பட்ட ஒரு புதிய கண்ணாடிக் கோபுரம் 74 வாங்கி, ஒரு மதிப்பெண்ணில் தவறியது.

அடுத்த ஆண்டு, 2013-இல், ‘நியூ ரிபப்ளிக்’ என்ற பத்திரிகை நம் பிளாட்டினக் கோபுரத்தின் கணக்கை எடுத்து எழுதியது. ஒரு சதுர அடிக்கு ஆகும் சக்திச் செலவில், எண்பது வயதான எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்தக் கோபுரம் செலவிடுகிறது என்பது அக்கட்டுரையின் சாரம்.

இது எப்படி? சான்றளித்தவர்கள் ஏமாற்றப்பட்டார்களா? இல்லை. கட்டியவர்கள் பொய் சொன்னார்களா? அதுவும் இல்லை. விஷயம் அதைவிடச் சுவையானது; அதனால்தான் இதைப் பேச எடுத்தேன்.

சான்று தரும்போது கட்டடம் இன்னும் வாழத் தொடங்கவில்லை. அதன் வரைபடங்களைக் கொண்டு கணிப்பொறியில் ஒரு மாதிரியைச் செய்கிறார்கள். அதே அளவும் அதே இடமும் கொண்ட, ஆனால் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அமைப்பு மட்டுமே உடைய ஒரு கற்பனைக் கட்டடத்தையும் செய்கிறார்கள். முன்னது பின்னதைவிட எத்தனை சதவீதம் குறைவாகச் செலவிடும் என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். ஆகவே சான்றிதழ் சொல்வது, இந்தக் கட்டடம் தன் கற்பனை உடன்பிறப்பைவிட மேலானது என்பதே. தெருக்கோடியில் உள்ள எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிட மேலானது என்று அது சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொண்டோம்.

அடுத்தது குடிவந்தவர். கோபுரத்தின் பெரும்பகுதியில் இருப்பது வங்கி. அதிலும் பல மாடிகள் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கி விற்கும் கூடங்கள். அங்கே ஒருவருக்கு ஒரு கணிப்பொறி என்ற கணக்கு இல்லை. ஒரே மேஜையில் பல திரைகள் ஒளிர்ந்துகொண்டிருக்கும். டோக்கியோவின் சந்தை திறக்கும்போது நியூயார்க்கில் இரவு. ஆகவே பல யந்திரங்கள் இரவிலும் ஓய்வதில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அவருடைய மேஜையிலுள்ள கருவிகள் அதைப் போலப் பன்மடங்கு வெளியிடும். திரைக்குள் செல்லும் ஒவ்வொரு வாட் மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள மறுபடியும் மின்சாரம் செலவழிக்கவேண்டும். அடித்தளத்தில் 44 தொட்டிப் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு, மேல்மாடியில் ஆயிரக்கணக்கான சிறு அடுப்புகளை எரிய விட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

கட்டியவர்கள் தரப்பில் இதையே வாதமாகச் சொன்னார்கள். எங்கள் கட்டடத்தில் ஆட்களும் அதிகம், வேலையும் அதிகம். காலி அறைகளும் சிறு அலுவலகங்களும் உள்ள கட்டடத்தோடு சதுர அடியை வைத்து ஒப்பிடலாமா என்பது அவர்கள் கேள்வி. இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் சத்திரத்தின் விறகுச் செலவை நான்கு பேர் உள்ள வீட்டோடு ஒப்பிட முடியாது. அவர்களுக்குச் சாதகமான இன்னொரு நுட்பமும் உண்டு. உள்ளேயே வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் கட்டடத்தின் கணக்கில் எரிந்த வாயு முழுவதும் ஏறிவிடுகிறது. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் கட்டடத்தின் கணக்கில், தொலைதூர மின்நிலையத்தில் வீணான பங்கு ஏறுவதில்லை. கட்டடத்தின் வாசலோடு கணக்கை நிறுத்திக்கொண்டால், சிக்கனம் செய்தவனே ஊதாரியாகக் காட்சி தருவான்.

மற்றப் பாதியில் எனக்குச் சம்மதம் இல்லை. வங்கி வரப்போகிறது என்பது கட்டத் தொடங்கும் முன்பே தெரியும். கட்டடத்தின் பெயரே அதன் பெயர்தானே. மாப்பிள்ளை யார் என்று தெரிந்த பிறகு செய்யும் ஏற்பாட்டில் அவருடைய பசி எவ்வளவு என்பதையும் கேட்டிருக்க வேண்டாமா? மேஜைமீது இருக்கப்போகும் யந்திரங்களின் பசியைப் பற்றிச் சான்றிதழின் கேள்வித்தாள் அழுத்திக் கேட்கவில்லை. கேட்காததால் அதைப் பற்றி விடையும் எழுதப்படவில்லை. கண்ணாடியைப் பற்றியும் அப்படியே. தரை முதல் கூரைத்தளம் வரை கண்ணாடி வேண்டுமா என்ற கேள்வி, எந்தக் கண்ணாடி வேண்டும் என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

இதே காலத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேற்றுமை விளங்கும். அது கனத்த சுவரும் அளவான ஜன்னல்களும் கொண்டது, ஜன்னல்கள் திறக்கும்படியானவை. 2009-இல் அதைச் செப்பனிட முடிவு செய்தபோது அங்கிருந்த ஜன்னல்கள் 6,514. அவற்றைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதே வழக்கமான யோசனை. அப்படிச் செய்யவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறையை அமைத்தார்கள். இரவில் ஜன்னல்களைக் கழற்றிக் கொண்டுவந்து, இரட்டைக் கண்ணாடியைப் பிரித்துக் கழுவி, நடுவே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய தாளைப் பொருத்தி, வாயுவை நிரப்பி, மீண்டும் அதே சட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவரோரமாக நின்ற சூடேற்றும் குழாய்களின் பின்னால், வெப்பம் வெளிச்சுவரில் வீணாகாதபடி பளபளப்பான தகடுகளைச் செருகினார்கள். பழைய குளிர்விக்கும் யந்திரங்களைப் பழுதுபார்த்தார்கள். வாடகைக்கு இருப்போர் ஒவ்வொருவரும் தாம் செலவிடும் மின்சாரத்தைத் தாமே பார்த்துக்கொள்ள வகை செய்தார்கள். இவையெல்லாம் சேர்ந்து சக்திச் செலவில் 38 சதவீதம் குறையும் என்று திட்டமிட்டார்கள். 2011-இல் அதற்கும் சான்றிதழ் வந்தது, தங்க வகுப்பு. பத்திரிகைகளில் படம் போடத்தக்க புதுமை எதுவும் அதில் இல்லை.

பழைய கட்டடத்தைக் காப்பதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. உருக்கும் சிமெண்டும் கண்ணாடியும் செய்வதற்கு எரித்த எரிபொருள் ஏற்கெனவே எரிந்தாகிவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மறுபடியும் எரிக்கவேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே பார்க் அவென்யூவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 270-ஆம் எண்ணில், 1960-ஆம் ஆண்டில் கட்டிய 52 மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. அதைப் பெருஞ்செலவில் புதுப்பித்தார்கள். பிளாட்டினம் சான்றும் பெற்றார்கள். சில ஆண்டுகள்தாம் சென்றன. 2019-இல் அதை இடிக்கத் தொடங்கி, 2021-இல் முடித்து, அந்த இடத்தில் அதைவிட உயரமான புதுக் கோபுரத்தை எழுப்பிவிட்டார்கள். பிளாட்டினம் வாங்கிய கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்கவில்லை.

மீட்டரின் சாட்சியம் வீண்போகவில்லை. 2019-இல் நியூயார்க் நகர மன்றம் இன்னொரு சட்டம் செய்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்குக் கரியமில வாயு அளவில் உச்சவரம்பு. 2024 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2030-இல் இன்னும் இறுகும். வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். சட்டம் நிறைவேறிய நாள்களில் அந்நகர மேயர், கண்ணாடியும் உருக்குமாகிய வானளாவிகளையே தடை செய்யப்போவதாகக்கூடப் பேசினார். பிறகு, கண்ணாடி முழுவதையும் தடுப்பது நோக்கமன்று, கணக்குக்குள் அடங்கினால் கட்டலாம் என்று விளக்கம் வந்தது. அந்த விளக்கமே சரியான நிலை என்பது என் கருத்து. கண்ணாடிமீது நமக்கு என்ன பகை?

சான்றளிக்கும் மன்றத்தாரும் சும்மா இருக்கவில்லை. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, சான்று பெறும் கட்டடம் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தன் சக்திக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் தரச் சம்மதிக்கவேண்டும் என்று விதி சேர்த்தார்கள். ஆஸ்திரேலியா நாட்டார் இதில் வெகுதூரம் முன்னே சென்றவர்கள். அங்கே 1990-களின் இறுதியில் தொடங்கி ‘நேபர்ஸ்’ என்ற முறை நடந்துவருகிறது. அதில் வரைபடத்துக்கு நட்சத்திரம் கிடையாது. கட்டடத்தில் மனிதர் குடியேறி, பன்னிரண்டு மாதம் வேலை செய்து, அந்தப் பன்னிரண்டு மாதத்து மின்சார பில்லையும் வாயு பில்லையும் கொண்டுவந்து காட்டவேண்டும். அவற்றைப் பார்த்து, கட்டடம் எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தகைய பருவநிலை என்பவற்றுக்கும் ஈடுகட்டி, ஆறு வரை நட்சத்திரம் தருகிறார்கள். 2010 முதல், பெரிய அலுவலக இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்கிறவர், அந்த நட்சத்திர எண்ணிக்கையையும் விளம்பரத்திலேயே சொல்லவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். புதிதாகக் கட்டுகிறவர், கட்டி முடித்துக் குடியேற்றிய பிறகு இத்தனை நட்சத்திரம் வாங்கிக் காட்டுவோம் என்று முன்கூட்டியே உடன்படிக்கை எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தவர் வரைபடத்தை முடித்ததும் வீட்டுக்குப் போய்விட முடியாது. குடியேறிய முதல் ஆண்டு முழுவதும் எந்த விசிறி எப்போது ஓடுகிறது, எந்த விளக்கு யாருமற்ற அறையில் எரிகிறது என்று பொறியியலார் கட்டடத்தைச் சுற்றிவந்துகொண்டே இருக்கவேண்டும். அவ்வளவு செய்து வாங்கும் நட்சத்திரமும் ஓராண்டுக்குத்தான் செல்லும். மறு ஆண்டு மீண்டும் பில்களை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.